சுவிட்ச்கியர் அறையை விட்டு விலகாதீர்கள்: டேட்டா சென்டர் துறைக்கு வரும் பெண்களுக்கு ஒரு வழிகாட்டி

டேட்டா சென்டரில் வேலை என்று சொன்னால், வரிசையாக நீல விளக்கு மினுங்கும் அறையில் ஒருவர் மடிக்கணினியோடு நிற்பதுதான் பலருக்கு ஞாபகம் வரும். விளம்பரப் படங்களில் அப்படித்தான் இருக்கிறது. உள்ளே போய்ப் பார்த்தால் கதை வேறு. மின்மாற்றி, பேட்டரி, டீசல் ஜெனரேட்டர், ஆள் உயரத் தண்ணீர்ப் பம்பு என்று ஒரு பெரிய தொழிற்சாலையின் பின்கட்டு போல இருக்கும். ஒரு சின்ன மின்நிலையத்தையும் ஒரு பெரிய குளிர்பதனக் கிடங்கையும் ஒரே கூரையின் கீழ் வைத்து, நடுவில் சர்வர்களைக் குடிவைத்தது போல.

இந்தக் கட்டடத்துக்குள் ஆள் பற்றாக்குறை இருக்கிறது. உலகம் முழுக்க இந்தத் துறைக்குத் தேவைப்படும் ஆட்கள் 2019இல் சுமார் 20 லட்சம், 2025இல் அது 23 லட்சத்தை நெருங்கும் என்று டேட்டா சென்டர்களுக்குத் தரம் வகுக்கும் அப்டைம் இன்ஸ்டிட்யூட் கணித்திருந்தது. அதே நிறுவனம் ஆண்டுதோறும் நடத்தும் கருத்தாய்வில், தங்கள் குழுவில் பெண்கள் 10 சதவீதமோ அதற்கும் குறைவோதான் என்று பெரும்பாலான நிறுவனங்கள் சொல்லி வருகின்றன. ஆள் கிடைக்கவில்லை என்று புலம்புகிறவர்கள் பாதி மக்கள்தொகையைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்றுதான் இதற்கு அர்த்தம்.

இத்தனைக்கும் தொடக்கம் இப்படி இல்லை. 1946 பிப்ரவரியில் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் கணினியில் ஏறக்குறைய 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. சுமார் 150 கிலோவாட் மின்சாரம் குடித்தது. அதற்கு நிரல் அமைத்த முதல் குழுவில் இருந்தவர்கள் ஆறு பெண்கள்: கே மெக்நல்டி, பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான் பிலாஸ், ரூத் லிச்டர்மன். நிரல் என்றால் விசைப்பலகையில் தட்டுவது இல்லை. கேபிளைப் பிடுங்கிச் செருகி, சுவிட்சுகளைத் திருப்பி அமைப்பது. கிட்டத்தட்ட இன்றைய டேட்டா ஹாலில், அதாவது சர்வர்கள் நிற்கும் அறையில், செய்யும் வேலைதான்.

விஷயத்துக்கு வருகிறேன். ஓடிக்கொண்டிருக்கும் லோடில், அதாவது சர்வர்களுக்குப் போய்க்கொண்டிருக்கும் மின்சாரத்தில், கை வைத்தவருடைய பேச்சுதான் இந்தத் துறையில் எடுபடும். எத்தனை சான்றிதழ் வைத்திருந்தாலும், எவ்வளவு அழகாக அறிக்கை எழுதினாலும், "நீங்கள் எப்போதாவது யூபிஎஸ்ஸை பைபாஸுக்கு மாற்றியிருக்கிறீர்களா?" என்ற கேள்விக்குப் பதில் இல்லையென்றால் ஓர் இடத்தோடு ஏணி நின்றுவிடும். யூபிஎஸ் என்பது வெளி மின்சாரம் நின்றதும் பேட்டரியிலிருந்து கொடுக்கும் கருவி; பைபாஸ் என்பது அதைத் தொடாமல் மின்சாரத்தைச் சுற்றுவழியில் அனுப்புவது. கீழே சொல்லும் படிகள் எல்லாம் அந்தக் கேள்விக்கு "ஆமாம்" என்று பதில் சொல்ல வைப்பதற்காகத்தான்.

முதல் படி: மின்சாரத்தின் பின்னாலேயே நடந்து போங்கள்

வேலைக்குச் சேருவதற்கு முன்பே ஒரு படம் மனதில் பதிய வேண்டும். வெளியிலிருந்து உயர் அழுத்த மின்சாரம் வருகிறது. மின்மாற்றி அழுத்தத்தைக் குறைக்கிறது. சுவிட்ச்கியர் அதைப் பிரித்து அனுப்புகிறது. அங்கிருந்து யூபிஎஸ், அப்புறம் பிடியு எனப்படும் பகிர்வுப் பெட்டி, கடைசியாக ரேக் எனப்படும் அலமாரிக்குள் சர்வரின் முதுகுப்புறம்.

வெளி மின்சாரம் நின்றால் ஜெனரேட்டர் கிளம்பி லோடை ஏற்கப் பத்து, பதினைந்து விநாடி ஆகும். அந்த இடைவெளியைத் தாங்கத்தான் யூபிஎஸ்ஸின் பேட்டரி. பல இடங்களில் அது ஐந்து முதல் பத்து நிமிடம் வரைக்கும்தான் கட்டப்பட்டிருக்கும். ஜெனரேட்டர் கிளம்ப மறுத்தால் ஷிப்டில் இருப்பவருக்கு யோசிக்கக் கிடைப்பது அவ்வளவு நேரம்தான். இந்த வேலையின் பதற்றமும் சுவாரசியமும் அந்த நிமிடங்களுக்குள்தான் இருக்கிறது.

ஒரு சர்வருக்குப் பொதுவாக இரண்டு மின்இணைப்பு: ஏ பக்கம், பி பக்கம். ஒன்று போனாலும் இன்னொன்று காப்பாற்றும். இந்தக் கூடுதல் ஏற்பாட்டை எழுத்துகளால் குறிப்பார்கள். கட்டடத்தைக் குளிர்விக்க நான்கு சில்லர், அதாவது தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம், போதும் என்றால் அது 'என்' (N). ஐந்தாவது ஒன்றைச் சும்மா நிறுத்தி வைத்தால் 'என் பிளஸ் ஒன்'. நான்கு நான்காக இரண்டு தனித்தனிப் பாதையில் வைத்தால் 'டூ என்'. அப்டைம் இன்ஸ்டிட்யூட்டின் டியர் தர வரிசையும் இதே யோசனையில் ஓடுவதுதான். டியர் 3 என்றால், எந்தக் கருவியைப் பராமரிப்புக்கு நிறுத்தினாலும் சர்வர் அணையக் கூடாது. டியர் 4 என்றால், திட்டமிடாத கோளாறு வந்தாலும் கட்டடம் தானே சமாளிக்க வேண்டும்.

குளிர்ச்சிக்கு வருவோம். சர்வர் முன்பக்கம் குளிர்ந்த காற்றை இழுத்துப் பின்பக்கம் சூடாகத் தள்ளும். ஆகவே ரேக்குகளை முகத்துக்கு முகம், முதுகுக்கு முதுகாக நிறுத்தி, குளிர் நடைவழி, சூடான நடைவழி என்று பிரிப்பார்கள். சர்வருக்குள் நுழையும் காற்று 18 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை இருக்கலாம் என்பது ஆஷ்ரே என்ற குளிர்பதனப் பொறியாளர் அமைப்பின் பரிந்துரை. டேட்டா சென்டர் என்றாலே ஸ்வெட்டர் வேண்டும் என்பது பழைய கதை. சூடான நடைவழியில் பத்து நிமிடம் கேபிள் மாட்டினால் வியர்வை வழியும்.

பியூஇ என்ற எண்ணையும் தெரிந்துகொள்ளுங்கள். தி கிரீன் கிரிட் என்ற அமைப்பு 2007இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. கட்டடம் முழுவதும் இழுக்கும் மின்சாரத்தை, கணினிக் கருவிகள் மட்டும் இழுப்பதால் வகுத்தால் கிடைப்பது. 1,500 கிலோவாட் உள்ளே வந்து 1,000 கிலோவாட் சர்வருக்குப் போனால் 1.5. ஒன்றுக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நல்லது. மேலதிகாரிகள் கூட்டத்தில் அடிக்கடி அடிபடும் எண்களில் இதுவும் ஒன்று.

இப்போது ஒரு தாளை எடுத்து, வெளி மின்கம்பியிலிருந்து சர்வர் வரை ஒற்றைக் கோட்டில் வரைந்து பாருங்கள். எஸ்எல்டி என்று சொல்வார்கள். பார்க்காமல் வரைய வரும்வரை திரும்பத் திரும்ப வரையுங்கள். நேர்காணலில் ஒயிட்போர்டு பக்கம் எழுந்து போய் இதை வரைந்து காட்டும் புதியவர் அபூர்வம்.

இரண்டாம் படி: எந்த வாசல் வழியாக நுழைவது

கணினி அறிவியல் படித்தவர்களுக்கு மட்டும்தான் இடம் என்று நினைத்து ஒதுங்குகிறவர்கள் நிறைய. மின்னியல், இயந்திரவியல் பட்டயம் முடித்தவர், ஐடிஐயில் குளிர்சாதனம் படித்தவர், மருத்துவமனையிலோ தொழிற்சாலையிலோ கப்பலிலோ பராமரிப்பு பார்த்தவர் எல்லாருக்கும் இங்கே வாசல் உண்டு. குறிப்பாக, இயந்திரம் நிற்கவே கூடாத இடத்தில் வேலை பார்த்த அனுபவம் இருந்தால் அதைத் தயங்காமல் முன்வையுங்கள்.

வாசல்கள் சிலவற்றைச் சொல்கிறேன். கிரிட்டிக்கல் ஃபெசிலிட்டிஸ் என்பது மின்சாரம், குளிர்ச்சி இரண்டையும் ஓட்டும் குழு, ஷிப்ட் வேலை. டேட்டா சென்டர் டெக்னீஷியன் என்பவர் சர்வரை ரேக்கில் ஏற்றுவார், பழுதான பாகத்தை மாற்றுவார், கேபிள் போடுவார். வாடிக்கையாளருக்காகச் செய்தால் அதற்கு ரிமோட் ஹேண்ட்ஸ் என்று பெயர். பிஎம்எஸ் எனப்படும் கட்டடக் கட்டுப்பாட்டு அமைப்பைப் பார்த்துக்கொள்கிறவர் சென்சார், அலாரம், கட்டுப்பாட்டு நிரல் தெரிந்தவர். வடிவமைப்பு, கட்டுமானம், கொள்ளளவுத் திட்டம், ஆற்றல் மேலாண்மை, வாடிக்கையாளர் உறவு ஆகியவை மீதி.

என்னைக் கேட்டால் முதல் சாய்ஸ் கமிஷனிங். புதுக் கட்டடத்தை ஒப்படைப்பதற்கு முன் சோதித்துப் பார்க்கும் வேலை அது. வழக்கமாக ஐந்து கட்டம். கருவி தொழிற்சாலையிலேயே சோதிக்கப்படுவது முதல் கட்டம். தளத்துக்கு வந்து இறங்கும்போது பார்ப்பது இரண்டாவது. பொருத்தி முதல் தடவை இயக்குவது மூன்றாவது. ஒவ்வொரு அமைப்பும் தனியாகச் சரியாக வேலை செய்கிறதா என்பது நான்காவது. ஐந்தாவதில் எல்லாவற்றையும் சேர்த்துச் சோதிப்பார்கள்: சர்வர்களுக்குப் பதிலாக லோட் பேங்க் எனப்படும் ராட்சத ஹீட்டர்களை வைத்து முழுச் சுமை ஏற்றி, வெளி மின்சாரத்தை வேண்டுமென்றே நிறுத்துவார்கள். கட்டடம் ஒரு கணம் இருண்டு, ஜெனரேட்டர்கள் ஒவ்வொன்றாக உறுமத் தொடங்கும். பத்து வருடம் ஷிப்ட் பார்த்தாலும் பார்க்கக் கிடைக்காத கோளாறுகளை இந்தச் சில வாரங்களில் பார்த்துவிடலாம். வாடிக்கையாளரின் சர்வர் எதுவும் இன்னும் உள்ளே வராததால், கற்றுக்கொள்ளும்போது நேரும் தவறுக்கு விலையும் குறைவு.

பயணமும் நீண்ட நாட்களும் உண்டு. எல்லாருடைய வீட்டுச் சூழலுக்கும் இது ஒத்துவராது. அப்படியானால் ஷிப்ட் வேலையிலிருந்து தொடங்குவதில் ஒரு குறையும் இல்லை.

இன்னொரு கதவு இப்போதுதான் திறந்திருக்கிறது. சாதாரண ரேக் ஒன்று ஐந்து, பத்து கிலோவாட் இழுத்த காலம் போய், என்விடியாவின் ஜிபி200 என்விஎல்72 போன்ற ஏஐ ரேக் ஒன்று மட்டுமே சுமார் 120 கிலோவாட் கேட்கிறது. எனியாக் அறை முழுவதும் குடித்ததை நெருங்கும் மின்சாரம், ஒரு அலமாரிக்குள்! காற்றால் இதைக் குளிர்விக்க முடியாது. குளிர்திரவத்தைக் குழாய் வழியாக சிப்பின் மேலேயே கொண்டுபோகிறார்கள். இந்த வேலையில் இருபது வருட அனுபவம் உள்ளவர் என்று யாரும் அதிகம் கிடையாது. மூத்தவரும் புதியவரும் ஒரே பாடத்தை ஒரே சமயத்தில் படிக்கிறார்கள். வரிசையில் பின்னால் நிற்க வேண்டியிராத இடம் இது.

மூன்றாம் படி: சான்றிதழ், அளவோடு

இதில் பணத்தைக் கொட்ட வேண்டாம். ஷ்னைடர் எலக்ட்ரிக் நிறுவனம் இணையத்தில் இலவசமாகவே டேட்டா சென்டர் பாடங்களைத் தருகிறது, அதிலிருந்து தொடங்குங்கள். இபிஐ அமைப்பின் சிடிசிபி, தொடக்கநிலை ஆட்களிடம் அடிக்கடி பார்க்கும் சான்றிதழ். கேபிள், வடிவமைப்புப் பக்கம் போனால் பிக்சியின் டிசிடிசி. நெட்வொர்க் பக்கம் போனால் சிசிஎன்ஏ. அப்டைமின் ஏடிடி, ஏஓஎஸ் போன்றவை விலை அதிகம். நிறுவனத்தை வைத்தே கட்ட வையுங்கள். வேலை ஒப்பந்தம் பேசும்போதே "முதல் வருடத்தில் ஒரு பயிற்சி" என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். உயர் அழுத்த மின்சாரத்தில் கை வைக்க உங்கள் நாட்டுச் சட்டப்படி தனி உரிமம் வேண்டியிருக்கும். அது இல்லாமல் வேறு எது இருந்தாலும் அந்த அறைக்குள் விடமாட்டார்கள். ஆகவே அதுதான் முதல்.

நான்காம் படி: நேர்காணல்

"ஒரு சில்லர் நின்றுவிட்டது, என்ன செய்வீர்கள்?" என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். ஓடிப் போய் மறுபடி ஸ்டார்ட் செய்வேன் என்பது தவறான பதில். முதலில் அலாரம் உண்மையா என்று பார்ப்பது, மாற்று சில்லர் தானாக ஓடத் தொடங்கியதா என்று உறுதி செய்வது, டேட்டா ஹாலின் வெப்பநிலை எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று கவனிப்பது, தகவல் சொல்ல வேண்டியவருக்குச் சொல்வது, அவசரகால நடைமுறைத் தாளைக் கையில் எடுப்பது. நின்றதற்குக் காரணம் தெரியாமல் அதைத் தொடக் கூடாது. நிதானம் இருக்கிறதா என்றுதான் எதிரில் இருப்பவர் பார்க்கிறார்.

நீங்களும் கேளுங்கள். வெளி மின்சாரத்தை நிறுத்தி முழுச் சோதனை வருடத்துக்கு எத்தனை முறை செய்கிறீர்கள்? மயிரிழையில் தப்பிய சம்பவங்களைப் பதிவு செய்யும் வழக்கம் உண்டா? ஷிப்ட் எத்தனை மணி நேரம்? இப்போது ஷிப்டில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவரோடு பத்து நிமிடம் பேசலாமா? கடைசிக் கேள்விக்கு முகம் சுளித்தால் பதில் கிடைத்துவிட்டது.

"இரவு ஷிப்ட் பார்ப்பீர்களா, வீட்டில் விடுவார்களா?" என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். கோபம் வரும், நியாயம்தான். "ஷிப்ட் அட்டவணையைக் காட்டுங்கள், பார்த்துச் சொல்கிறேன்" என்று பேச்சைத் தாளின் பக்கம் திருப்பிவிடுவது என் வழக்கம்.

ஐந்தாம் படி: முதல் ஆறு மாதம்

இந்தத் துறையின் வேதம் மூன்று தாள்கள். அன்றாட இயக்கத்துக்கு எஸ்ஓபி, ஆபத்து நேரத்துக்கு ஈஓபி, குறிப்பிட்ட ஒரு வேலையை வரி வரியாகச் செய்வதற்கு எம்ஓபி. எம்ஓபியில் ஒவ்வொரு வரியையும் ஒருவர் வாய்விட்டுப் படிப்பார், இன்னொருவர் கருவியின் பெயர்ப்பலகையை விரலால் சுட்டிக்காட்டித் திருப்பிச் சொல்வார், அப்புறம்தான் கை நகரும். முதல் தடவை பார்க்கும்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிப்பது போலச் சிரிப்பு வரும். பெரிய சேதங்களுக்கு மின்கோளாறு முதல் காரணம் என்பதையும், மனிதத் தவறுகளில் பெரும்பகுதி நடைமுறையைத் தாண்டிப் போனதால் வருபவை என்பதையும் தெரிந்துகொண்ட பிறகு சிரிப்பு வராது.

எனக்கு அது தெரியவந்த விதம் கொஞ்சம் கசப்பானது. வேலைக்குச் சேர்ந்து நான்காவது மாதம். ஒரு பகிர்வுப் பெட்டியைப் பராமரிப்புக்காக நிறுத்த வேண்டும். தாளில் ஓர் எண், பெட்டியின் பெயர்ப்பலகையில் வேறோர் எண். பார்த்துவிட்டேன். கூட இருந்தவர் பதினைந்து வருட அனுபவசாலி. நான் புதிது, அந்த ஷிப்டில் ஒரே பெண். 'அவருக்குத் தெரியாததா' என்று வாயை மூடிக்கொண்டேன். அவர் பிரேக்கரை இறக்கினார். தவறான பெட்டி. ஒரு வரிசை முழுக்க ஏ பக்கம் போனது. பி பக்கம் இருந்ததால் பெரும்பாலான சர்வர்கள் பிழைத்தன. ஒற்றை மின்இணைப்பில் ஓடிய இரண்டு கருவிகள் மட்டும் அணைந்தன. விசாரணையில் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "நீங்கள் கவனித்தீர்களா?" என்பதுதான். ஆமாம் என்று சொன்னேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

அதனால் இதைப் பழகிக்கொள்ளுங்கள்: "நிறுத்துங்கள். எண் பொருந்தவில்லை." மூன்றே சொல், மன்னிப்பு, முன்னுரை எதுவும் வேண்டாம். வேலையை நிறுத்தும் உரிமை ஷிப்டில் இருக்கும் எவருக்கும் உண்டு என்பது பெரும்பாலான தளங்களில் எழுத்தில் இருக்கும் விதி. வீட்டில் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தாலும் சரி, கூச்சம் போக வேண்டும்.

பாதுகாப்பில் சமரசமே கிடையாது. ஒரு கருவியைப் பழுது பார்க்கும்போது அதன் சுவிட்சில் உங்கள் பூட்டு, உங்கள் அட்டை. சாவி உங்கள் பையில். இதுதான் லாக்அவுட் டேக்அவுட். அடுத்தது ஆர்க் ஃபிளாஷ்: சுவிட்ச்கியருக்குள் மின்சாரம் காற்றில் பாய்ந்து வெடிப்பது. அதன் வெப்பம் 19,000 டிகிரி செல்சியஸ் வரை போகலாம், சூரியனின் மேற்பரப்பைப் போல மூன்று மடங்குக்கு மேல். அதற்கான உடை இருக்கிறது. அந்த உடைக்கு உள்ளே போடுவது பருத்தியாக இருக்க வேண்டும். நைலான், பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். உலோக நகை எதுவும் கூடாது. கூந்தலை முடிந்து தலைக்கவசத்துக்குள் செருகிவிடுங்கள்.

ஷிப்ட் மாறும்போது செய்யும் ஹேண்ட்ஓவரை அவசரமாக முடிக்காதீர்கள். எது பைபாஸில் இருக்கிறது, எந்த அலாரம் அடக்கி வைக்கப்பட்டிருக்கிறது, எந்த ஒப்பந்தக்காரர் எங்கே இருக்கிறார் என்று நீங்களே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தால் முந்தைய ஷிப்ட் ஆளோடு ஒரு சுற்று நடந்து வாருங்கள்.

ஆறாம் படி: உடம்பும் ஷிப்டும்

பல தளங்களில் ஷிப்ட் 12 மணி நேரம். நான்கு நாள் வேலை, நான்கு நாள் விடுப்பு போன்ற முறை. சிலருக்கு இது வசதியாகவே இருக்கிறது, தொடர்ந்து நான்கு நாள் வீட்டில் இருக்கலாம். இரவு ஷிப்டிலிருந்து திரும்பிய பகலில் தூங்கவிடும் வீடு வேண்டும். இதைச் சேருவதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசி முடித்துவிடுவது நல்லது. நீங்கள் பகலில் வீட்டில் இருந்தாலே 'சும்மாதானே இருக்கிறாய்' என்று வேலை வந்து சேரும்.

கையுறை, காலணி, உயரத்தில் ஏறும்போது கட்டும் பாதுகாப்பு வார் எல்லாம் உங்கள் அளவில் இருக்க வேண்டும். பெரிய கையுறையில் சின்ன திருகாணியைப் பிடிக்க முடியாது. தளர்ந்த வார் விழும்போது காப்பாற்றாது. "இப்போதைக்கு இதைப் போட்டுக்கொள்ளுங்கள்" என்றால், அளவு வரும்வரை அந்த வேலையைச் செய்ய முடியாது என்று மின்னஞ்சலில் எழுதுங்கள். சண்டை போல இல்லாமல், பாதுகாப்புப் பதிவு போல.

கனமான சர்வருக்கு லிஃப்ட் வண்டி இருக்கிறது. பலசாலி என்று காட்ட வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. முதுகு போன ஆண்களும் இந்தத் துறையில் ஏராளம். சர்வர் இரைச்சலுக்குக் காது அடைப்பான் கட்டாயம்.

கர்ப்ப காலத்தில் மருத்துவரிடம் "டேட்டா சென்டரில் வேலை" என்று மட்டும் சொன்னால் அவருக்கும் அந்த நீல விளக்கு அறைதான் ஞாபகம் வரும். எத்தனை மணி நேரம் நிற்கிறீர்கள், எவ்வளவு எடை தூக்குகிறீர்கள், எவ்வளவு சூடு, சத்தம், ஈய பேட்டரி அறைக்குள் போவதுண்டா என்று பட்டியல் எழுதிக் கொண்டுபோங்கள். அவர் எழுதித் தருவதை நிறுவனத்திடம் கொடுங்கள். விடுப்பு முடிந்து திரும்பும்போது "மெதுவாக இருக்கட்டும்" என்று மேசை வேலை கொடுப்பார்கள். நல்லெண்ணத்தில்தான் தருவார்கள். எத்தனை வாரத்துக்கு என்று தேதி குறித்துக்கொண்டு வாங்குங்கள்.

ஏழாம் படி: மேசைக்கு நழுவாமல் இருப்பது

என் அனுபவத்தில் பெண்களின் வளர்ச்சி நின்றுபோவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். யாரும் தடுத்து நிறுத்துவதில்லை. பாராட்டிக்கொண்டே நகர்த்துவார்கள்.

"நீங்கள் நன்றாக எழுதுகிறீர்கள், இந்த ஆவணங்களைப் பார்த்துக்கொள்ளுங்களேன்." "தணிக்கைக்காரர்கள் வருகிறார்கள், உங்களைப் போல யாரும் பேச முடியாது." "ஷிப்ட் அட்டவணை போடுவதில் நீங்கள்தான் கெட்டிக்காரர்." ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் இருக்கும். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் உங்களோடு சேர்ந்தவர் மின்பாதையை மாற்றும் சுவிட்சிங் வேலை முப்பது செய்திருப்பார், நீங்கள் முப்பது விளக்கக் கோப்பு செய்திருப்பீர்கள். ஷிப்ட் லீட் பதவி வரும்போது யாருக்குப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எழுதும் வேலையை மறுக்கச் சொல்லவில்லை. எம்ஓபி எழுதுகிறவருக்கு அந்தக் கருவியின் நரம்பு நாளம் எல்லாம் தெரிந்துவிடும். அது பெரிய பலம். நிபந்தனை ஒன்று வையுங்கள்: நான் எழுதும் எம்ஓபியை நடத்தும்போது நானும் களத்தில் இருப்பேன், படிப்பவராகவோ கை வைப்பவராகவோ. எழுத்தும் கையும் ஒரே ஆளிடம் இருந்தால் அந்த ஆளைத் தாண்டிப் போக முடியாது.

கூடவே ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, கருவி, என்ன வேலை, உங்கள் பங்கு என்ன, என்ன கோளாறு வந்தது. யூபிஎஸ் பைபாஸ் எத்தனை முறை, ஜெனரேட்டர் சோதனை எத்தனை முறை, நேரடியாகக் கையாண்ட சம்பவம் எத்தனை. பதவி உயர்வுப் பேச்சில் "நான் கடினமாக உழைக்கிறேன்" என்பதை விட "இந்த ஆண்டு 14 சுவிட்சிங், அதில் ஆறு நான் தலைமை ஏற்றவை" என்பது கனமானது. வாடிக்கையாளர் பெயரோ வரைபடமோ அதில் இருக்கக் கூடாது. அது நிறுவன ரகசியம்.

எட்டாம் படி: பொறுப்பை எடுத்துக்கொள்வது

ஏணி பொதுவாக இப்படிப் போகும்: டெக்னீஷியன், ஷிப்ட் லீட், தலைமைப் பொறியாளர், தள மேலாளர், பல தளங்களுக்கான பொறுப்பு. ஷிப்ட் லீட் வரை கைவேலை கொண்டுபோகும். அதற்கு மேலே பணம் பேசத் தெரிய வேண்டும்.

ஒரு யூபிஎஸ்ஸின் பேட்டரியை இந்த வருடம் மாற்றலாமா, அடுத்த வருடமா? ஈய பேட்டரியா, லித்தியமா? விலை, ஆயுள், எடை, தீ ஆபத்து, குளிர்ச்சித் தேவை எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதி மேலாளரிடம் கொடுங்கள். அவர் கேட்காவிட்டாலும். பட்ஜெட் கூட்டத்தில் அந்தத் தாள் மேசைக்கு வரும், அதைத் தொடர்ந்து நீங்களும் வருவீர்கள். ஆற்றல் கணக்கும் அப்படித்தான். உலகின் டேட்டா சென்டர்கள் 2024இல் சுமார் 415 டெராவாட் மணி மின்சாரம் பயன்படுத்தின, 2030இல் அது 945ஐ எட்டலாம் என்று சர்வதேச எரிசக்தி முகமை சொல்கிறது. மின்கட்டணத்தைக் குறைக்க வழி சொல்கிறவரின் குரலை நிதித்துறை கேட்காமல் இருக்காது.

சம்பவம் நடந்த பிறகு எழுதும் மூலகாரண அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். வாடிக்கையாளர் முன்னால் அதை விளக்கும் பொறுப்பையும் சேர்த்து. திட்டு வாங்கும் வேலை என்று மற்றவர்கள் ஒதுங்குவார்கள். ஆனால் கெட்ட செய்தியை நேராகச் சொல்லி, அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று விளக்கியவரை வாடிக்கையாளர் மறப்பதில்லை.

ஆலோசனை சொல்கிறவர் வேறு, நீங்கள் இல்லாத அறையில் உங்கள் பெயரைச் சொல்கிறவர் வேறு. முதல் வகை எளிதில் கிடைக்கும். இரண்டாம் வகையைத் தேடிப் பிடிக்க வேண்டும். பெரும்பாலும் அவர் ஓர் ஆணாகத்தான் இருப்பார், இப்போதைய எண்ணிக்கை அப்படி. அவரிடம் சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: "அடுத்த ஷிப்ட் லீட் தேர்வில் என் பெயரைச் சொல்வீர்களா? இல்லையென்றால் என்ன குறைகிறது?" வெளியில் ஆள் பழக, 7x24 எக்ஸ்சேஞ்ச் அமைப்பில் பெண்களுக்கென்றே விம்கோ என்ற பிரிவு இருக்கிறது. ஐமேசன்ஸ், ஆஃப்காம் என்ற துறை அமைப்புகளும் உண்டு.

உச்சிக்கு ஒரே பாதைதான் என்றும் இல்லை. மைக்ரோசாஃப்டின் கிளவுட் டேட்டா சென்டர் பிரிவுக்குத் தலைமை ஏற்ற நோயல் வால்ஷ், அதற்கு முன் நீண்ட காலம் டவ் கெமிக்கல் என்ற வேதிப்பொருள் நிறுவனத்தில் இருந்தவர். ஆலை ஓட்டும் ஒழுக்கம் இங்கேயும் செல்லும் என்பதற்கு அவர் ஓர் உதாரணம். 2024 ஜூனில் டேட்டா சென்டர் நிறுவனமான ஈக்வினிக்ஸின் தலைமைச் செயல் அதிகாரியான அடேர் ஃபாக்ஸ்-மார்ட்டின், மென்பொருள், கிளவுட் நிறுவனங்களின் வணிகப் பக்கத்திலிருந்து வந்தவர். முப்பத்தைந்து வயதில் வேறு துறையிலிருந்து வருகிறேன், தாமதமாகிவிட்டதா என்று கேட்பவர்களிடம் இந்த இரண்டு பேரையும்தான் சொல்வேன்.

கடைசியாக, நீங்கள் ஷிப்ட் லீட் ஆன முதல் மாதம் செய்ய வேண்டிய ஒரு சின்ன வேலை. பாதுகாப்புக் கருவிகளுக்கான கொள்முதல் பட்டியல் கையெழுத்துக்கு வரும். அதில் மின்காப்பு ரப்பர் கையுறை சின்ன அளவில் இரண்டு ஜோடி சேருங்கள். இப்போது அணிய ஆள் இல்லையே என்று கிடங்கிலிருந்து கேட்பார்கள். வரப்போகிறார்கள் என்று சொல்லுங்கள். உங்கள் நாட்டு விதி சொல்லும் இடைவெளியில் அந்தக் கையுறைகளைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும், யாரும் போடாவிட்டாலும். அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.